சீட்டின் மூக்கும் அரக்கு வெல்வெட்டும்

“இன்னொரு தடவை ஏறு” என்றேன்.

என் மனைவி மல்லிகா ஏறினாள்.

“இறங்கு.”

இறங்கினாள்.

“மறுபடி ஏறு. இந்தத் தடவை மெதுவா.”

நான் அப்போது எந்த லட்சணத்தில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். ஒரு கையில் செல்போன் டார்ச். இன்னொரு கையில் பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடி. ஆபீஸ் சட்டை, ஆபீஸ் பேன்ட். மல்லிகா காலையில் போட்ட கோலம் பாதிக்குமேல் என் சட்டையில் இருந்தது.

எதிர்வீட்டு வரதன் ஸ்வாமி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்ன ஓய், வண்டிக்கு சாஷ்டாங்கமா? பெருமாளையே நீர் இப்படி விழுந்து சேவிச்சு அடியேன் பார்த்ததில்லையே!”

“பெயிண்ட் தேயுது ஸ்வாமி” என்றேன், படுத்தபடியே.

“தேயட்டுமே ஓய். தேகமே தேயறது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் சிரித்தது தெரு முழுக்கக் கேட்டது.

கட்டைவிரல் நகம் அளவு

அது ஒரு பங்குனி மாதம். வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஐம்பது வயதைத் தாண்டி, மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு, எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அரக்கு நிறம். டேங்கில் தங்கக் கோடு. ஷோரூமில் முதலில் பார்த்தபோது, பெண் பார்க்கப் போன இடத்தில் நின்றதைப் போல நின்றேன். இதை மல்லிகாவிடம் வாய்விட்டே சொன்னேன் என்பதிலிருந்து என் புத்திசாலித்தனத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

தினமும் காலையில் துடைப்பேன். குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் துடைப்பதுபோல் இண்டு இடுக்கெல்லாம் துடைப்பேன். அப்படித் துடைத்த ஒரு நாளில்தான் அதைப் பார்த்தேன். சீட்டின் முன்பக்கம் ஒடுங்கி வந்து டேங்கின் பின்பக்கத்தில் ஒட்டி உட்காருமே, அதற்கு மெக்கானிக்குகள் சீட்டின் மூக்கு என்பார்கள். அந்த மூக்கு உட்காரும் இடத்தில் பெயிண்ட் மங்கியிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டி நிற்கும்போது சீட் அசைவதில்லை. நான் ஏறும்போதும் அசைவதாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் மேலே உட்கார்ந்திருக்கும்போது கீழே படுத்துப் பார்க்க முடியாது இல்லையா? அந்தச் சின்ன விஷயம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். அதனால்தான் அந்தக் காலை வேளைச் சோதனை.

ஏழெட்டு தடவை ஏறி இறங்கிய பிறகு நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

“நான் நெனச்சது சரிதான். நீ பின்னால ஏறும்போது உன் வெயிட்டுல சீட்டு முன்னால தள்ளுது. மூக்கு டேங்குல தேயுது. அதனால கொஞ்ச நாளைக்கு நீ...”

“நான் பஸ்ல போய்க்கறேன்.”

“நான் அப்படிச் சொல்ல வரலை.”

“வேற எப்படிச் சொல்லுவீங்க? சொல்லுங்க, கேப்போம்.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு வருத்தம் வரவில்லை. இனிமேல் சோதனையை ஒழுங்காகச் செய்யலாம் என்ற நிம்மதிதான் வந்தது.

பாலத்தில் மட்டும் பேசுகிறவர்கள்

மல்லிகாவுக்குத் தென்னூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் வேலை. அவளை அங்கே இறக்கிவிட்டு நான் கன்டோன்மென்ட்டில் என் ஆபீசுக்குப் போவேன். சாயந்தரம் அதே வழியில் அழைத்துக்கொண்டு வருவேன். பழைய வண்டி இருந்த காலத்திலிருந்தே இதுதான் வழக்கம்.

வீட்டில் நாங்கள் பேசுவது பேச்சே இல்லை. கேஸ் புக் பண்ணியாச்சா, மோட்டார் போட்டீங்களா, போட்டதை அணைச்சீங்களா. அவ்வளவுதான். உண்மையான பேச்சு மாம்பழச்சாலை தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறியதும்தான் ஆரம்பிக்கும். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து, என் ஹெல்மெட்டின் இடது பக்கம் வாயை வைத்துப் பேசுவாள். நான் “அப்புறம்?” என்பேன். தென்னூர் வரும்வரை ஓடும்.

அந்தப் பங்குனியில் ஓடிக்கொண்டிருந்தது, அவளோடு கடையில் வேலை பார்க்கும் கமலாவின் மகள் கதை. லால்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு வேலையும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. கமலாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்தான் வாயைத் திறக்கவில்லை. பையன் தனியாகப் பேசும்போது, “எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், சமைக்கவும் தெரியும்” என்றானாம். பெண் சிரித்துவிட்டதாம். “ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கா” என்று மல்லிகா சொன்ன இடத்தில் தென்னூர் வந்துவிட்டது.

மறுநாள் காலையில்தான் நான் தெருவில் படுத்தேன்.

அந்தப் பெண் சரி என்றாளா, வேண்டாம் என்றாளா? எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் நான் பாலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று தெரிந்துவிடுமே! முதலில் ஒரு வாரத்தில் அவளே வந்து ஏறிக்கொள்வாள் என்று இருந்தேன். பிறகு ஒரு மாதம். அதற்குள் அவளுக்குப் பஸ்ஸில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜன்னலோரம் இவளுக்கு இடம் போட்டு வைக்கிறார்களாம். ஒருநாள் பாலத்தில் அந்தப் பஸ்ஸை நான் முந்திப் போனேன். ஜன்னலில் மல்லிகா. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பேசாமல் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

உறை போடும் வம்சம்

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று ரொம்பத் தேட வேண்டாம். என் அப்பா வாங்கிய கைக்கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை அவர் ரிடையர் ஆகிறவரை பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகி, உள்ளே முள் தெரியாது. மணி என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு உறை உண்டு. அந்த உறை கிழியாமல் இருக்க அதற்குமேல் ஒரு ரப்பர் பேண்ட் உண்டு. பிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி. சோபாவுக்கு விரிப்பு, விரிப்புக்குமேல் ஒரு துண்டு. விருந்தாளி வந்தால் துண்டை மட்டும் எடுப்போம்.

“உங்க வீட்டுல கட்டிக்கிட்டு வந்த பொண்ணுக்குத்தான் உறை போடலை” என்பாள் மல்லிகா. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

என் கைவைத்தியங்கள்

முதலில் சைக்கிள் டியூப். பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி மூக்குக்கு அடியில் வைத்தேன். சரியாக உட்காராமல் இரண்டு ரப்பர் பட்டன்கள் குறுக்கே நின்றன. பிடுங்கி ஆணி டப்பாவில் போட்டேன். அந்தப் பட்டன்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு மண்டகப்படி வாங்கித் தரப்போகிறவை. சித்திரை வெயிலில் டியூப் இளகி டேங்கில் கரியாக அப்பிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் கரி போயிற்று. பளபளப்பும் சேர்ந்து போயிற்று.

அடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுகிற ஒட்டும் பிளாஸ்டிக். ஒட்டும்போதே கொப்புளம். அம்மை போட்ட மாதிரி இருந்தது. பிரித்தேன். தங்கக் கோட்டில் ஒரு விரற்கடை அதோடு கையில் வந்துவிட்டது.

மூன்றாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் தாளிக்கிற கரண்டியில் உருக்கி, ஆறவைத்து, மூக்குக்கு அடியில் கெட்டியாகப் பூசினேன். அழகாக நின்றது. காலை ஒன்பது மணி வரை நின்றது. திருச்சி வெயிலில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் உருகி வழிந்து, சீட்டின் மூக்கு எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தில், என் வெளிர்நிறப் பேன்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கிவிட்டது. அன்று முழுக்க ஒரு பைலை இடுப்புக்குக் கீழே பிடித்தபடி நடமாடினேன். மேனேஜர் அம்மா கூப்பிட்டு, “உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போங்க சார்” என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

வீட்டிலோ அடுத்த மூன்று நாள் சாம்பாரில் மெழுகு வாசனை. மல்லிகா அந்தக் கரண்டியை மட்டும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அலமாரியின் மூன்றாம் தட்டு

நம் வீடுகளில் ரவிக்கைத் துணி என்று ஒன்று உண்டு. கல்யாணம், கிரகப்பிரவேசம் எங்கே போனாலும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்கள். அதை யாரும் தைப்பதில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஊரைச் சுற்றிவிட்டுக் கொடுத்தவர் வீட்டுக்கே அது திரும்பி வந்த கதையும் உண்டு. எங்கள் அலமாரியின் மூன்றாம் தட்டு முழுக்க இதுதான்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டைக் குடைந்தேன். அடியில், தனியாக ஒரு கவரில், ஒரு வெல்வெட் துணி. அரக்கு நிறம். அப்படியே என் வண்டியின் நிறம்! தொட்டால் பூனைக்குட்டி முதுகு. யாரும் தைக்கப்போவதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, மூக்கின் அளவுக்கு வெட்டி, இரண்டாக மடித்து, மூக்குக்கு அடியில் பசை போட்டு ஒட்டினேன். வெட்டியதில் அளவு பிசகி, இடது ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அளவுக்குத் துணி போதவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மிச்சத் துணி வண்டி துடைக்கப் போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் துணி இருப்பதே தெரியாது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

ஒரு மாதம் கழித்து மல்லிகா கேட்டாள். “அரக்கு வெல்வெட் துணி ஒண்ணு தனியா வச்சிருந்தேனே, பாத்தீங்களா? தைக்கக் குடுக்கணும்.”

“நான் என்னத்தைக் கண்டேன்” என்றேன்.

அவள் அலமாரியை இரண்டு தடவை கலைத்து அடுக்கினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள் காலை. செயினுக்கு எண்ணெய் விட வண்டிப் பக்கத்தில் குனிந்து கிடந்தேன். பட்டுப்புடவைக் கரையும் செருப்பும் என்னைத் தாண்டிப் போனது தெரிந்தது. “ஒரு கல்யாணம். போயிட்டு வரேன்” என்று குரல் வந்தது.

“ம்” என்றேன்.

“உப்புத்தாளா வச்சு ஓட்டினீங்க?”

மறுவருஷம் ஆனியில் சீட் கவர் தையல் விட்டுப்போனது. தென்னூரில் ஜமால் பாயிடம் போனேன். சீட் தைப்பதில் கைராசிக்காரர். மல்லிகாவின் மருந்துக்கடையிலிருந்து இரண்டு கடை தள்ளித்தான் இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை அவளிடம்தான் வாங்குகிறார். அவளைப் பார்த்தால் அக்கா என்பார்.

பாய் சீட்டைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார்.

“யா அல்லா! என்ன சார் இது? சீட்டுக்கு அடியில உப்புத்தாளா வச்சு ஓட்டினீங்க?”

“உப்புத்தாள் இல்ல பாய். வெல்வெட்.”

“வந்து பாருங்க.”

பார்த்தேன். டேங்கின் பின்பக்கத்தில், என் வெல்வெட் துண்டு எந்த வடிவத்தில் இருந்ததோ அச்சு அசலாக அதே வடிவத்தில், பெயிண்ட் இல்லை. பிரைமர் இல்லை. வெள்ளை வெளேரென்று தகரம் தெரிந்தது. இடது ஓரத்தில், துணி போதாமல் விட்ட அந்த இரண்டு விரல் இடத்தில் மட்டும் அரக்கு நிறம் ஷோரூமில் இருந்ததுபோலவே மின்னிக்கொண்டிருந்தது.

பாய் வெல்வெட்டை விரலால் வழித்து என் உள்ளங்கையில் தட்டினார். பொடி மணல்.

“ஆடிக் காத்துல பறந்த கொள்ளிடத்து மண்ணு பூரா இதுலதான் சார் இருக்கு. துணி மெத்துன்னுதான் இருக்கும். ஆனா மண்ணு வந்து ஒக்காந்துச்சுன்னா விடாது. நீங்க ஒவ்வொரு பள்ளத்துலயும் இறங்கி ஏற, அது தேச்சுக்கிட்டே இருந்திருக்கு. சும்மா விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஆமா, சீட்டைத் தூக்கிப் பிடிக்க கம்பெனியிலேயே ரெண்டு ரப்பர் பட்டன் குடுத்திருப்பானே, அது எங்க?”

“வீட்டுல ஆணி டப்பால இருக்கு.”

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். “அக்கா! ஒரு நிமிஷம் வாங்கக்கா. உங்க வீட்டுக்காரரு பண்ணி வச்சிருக்கறதைப் பாருங்க.”

வேண்டாம் பாய் என்று நான் சொல்வதற்குள் மல்லிகா வந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டோடு வந்து நின்று டேங்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் வாயிலேயே வைத்திருந்த கேள்வி.

“பாய், பின்னால ஆள் உக்காந்தா முன்னால தேயுமா?”

“அது எப்படிக்கா? பின்னால உக்கார்றவங்க வெயிட்டு பின்னால இருக்கிற ரப்பர்ல இறங்கிடும். மூக்கை அழுத்துறது ஓட்டுறவரு வெயிட்டு.” சொல்லிவிட்டு அவர் பார்வை என் தொப்பைக்குப் போயிற்று. நல்ல மனுஷர், உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மல்லிகா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் பரவாயில்லை. குனிந்து அந்த வெல்வெட்டைச் சீட்டிலிருந்து பிய்த்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“நான் கேட்டப்ப பாக்கலைன்னு சொன்னீங்க.”

அவள் துணியை உதறினாள். மணல் கொட்டியது. அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

“அரியமங்கலத்துல தெரிஞ்ச பெயிண்டர் இருக்காரு சார். டேங்கைக் கழட்டிக் குடுத்தா புதுசாக்கிடுவாரு” என்றார் பாய்.

அப்போது எனக்கு டேங்கைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

பாலத்தில் மறுபடி

அன்று சாயந்தரம் ஆபீஸ் முடிவதற்கு முன்பே கிளம்பி மருந்துக்கடை எதிரில் வண்டியோடு நின்றேன். என்ன சொல்வது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாமே லீவு லெட்டர் மாதிரி இருந்தது.

மல்லிகா வெளியே வந்தாள். நான் பின்சீட்டைக் கையால் துடைத்துவிட்டேன்.

“பஸ்ல எனக்கு எடம் போட்டு வச்சிருப்பாங்க” என்றாள்.

“தெரியும்.”

“காலையில பஸ்ஸுதான். அவங்களை விட முடியாது. இன்னிக்கு வேணா வரேன்.” ஏறுவதற்கு முன்னால் சொன்னாள். “நீங்க பாத்து மெதுவா உக்காருங்க. மூக்கு தேஞ்சுரப் போவுது.”

வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதானே!

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி, சிந்தாமணி தாண்டிப் பாலம் ஏறினோம். காற்று அடித்தது. பின்னால் சத்தமே இல்லை. பாதிப் பாலம் வந்தபோது என்னால் முடியவில்லை.

“கமலா பொண்ணு என்ன சொல்லிச்சு?”

“எப்ப?”

“அந்த லால்குடி மாப்பிள்ளை வந்தாரே. ரெண்டு நாள் டைம் கேட்டிருந்துச்சே.”

ஹெல்மெட்டின் இடது பக்கம் அந்தக் குரல் வந்தது.

“சரின்னு சொல்லிடுச்சு. ஆவணியில கல்யாணம் முடிஞ்சுது. இப்ப ஏழாவது மாசம். வர ஞாயித்துக்கிழமை வளைகாப்பு.”

“கல்யாணத்துக்குப் போனியா?”

“போனேன். அதுக்குத்தான் அந்த வெல்வெட்டு. எல்லாரும் உங்களைக் கேட்டாங்க. வெளியூர் போயிருக்கார்னு சொன்னேன்.”

அன்று நான் எந்த வெளியூரில் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு, ஒரு பட்டுப்புடவைக் கரையைப் பார்த்து “ம்” என்றேன். கண் எரிந்தது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். காற்று இல்லை.

“தப்புதான் மல்லிகா” என்றேன்.

“என்ன?”

“தப்பு பண்ணிட்டேன்!”

“காத்துல கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க.”

“நான் பண்ணினது தப்பு! எல்லாமே தப்பு!” என்று காவிரிக்கே கேட்கும்படி கத்தினேன். பக்கத்தில் ஸ்கூட்டரில் போனவர் திரும்பி, தன்னைத்தான் சொல்கிறேனோ என்று பார்த்தார்.

மல்லிகாவின் கை என் தோள்மேல் வந்து உட்கார்ந்தது.

“மொதல் தடவையே கேட்டுச்சு” என்றாள்.